எடுப்பாக இருக்கிறது என்றால், யாருக்கு?

பாரீஸ், மிலான், லண்டன், நியூயார்க் ஃபேஷன் ஷோக்களைப் பார்த்துவிட்டு 'இந்த டிசைன் எடுப்பு, இது எடுபடவில்லை' என்று எழுதுகிற எல்லோருக்கும், தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், வணக்கம்.

நான் திருப்பூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 11 வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், துணியை வெட்டுவதற்கான பேப்பர் அச்சு போடுகிற பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். ரன்வே படங்கள், அதாவது ஷோவில் மாடல்கள் நடந்து வருகிற மேடைப் படங்கள், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு சீசனும் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஒரு லுக் (ஒரு மாடல் போட்டுவரும் முழு உடை) விடாமல் பார்ப்பேன், எந்தத் தையல் எங்கே போகிறது, டாட்டை (உடம்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன், அப்புறம் நீங்கள் எழுதியதையும் படிப்பேன். அதனால் இதை வெளியே நிற்கிற ஒருத்தி எழுதுகிற புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எழுத்தை நம்பிப் படிக்கிறவள் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு கேள்விதான். எடுப்பாக இருக்கிறது என்று எழுதுகிறீர்களே, யாருக்கு?

வீட்டில் ஒரு புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்க்கும்போது நாம் எப்படிப் பேசுவோம் என்று யோசித்துப் பாருங்கள். 'இந்தக் கலர் உனக்கு நல்லா எடுப்பா இருக்கு.' 'இது அக்காவுக்குத்தான் எடுக்கும், உனக்கு வேண்டாம்.' அந்த 'உனக்கு' இல்லாமல் அந்தப் பேச்சே கிடையாது. துணி தனியாக நிற்கும்போது அழகாக இருக்கலாம், விலை உயர்ந்ததாக இருக்கலாம், ஆனால் எடுப்பாக இருக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் விமர்சனங்களில் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். 'எடுப்பான கட்', 'எடுபடாத நீளம்', 'உடம்பைக் கெடுக்கும் டிசைன்' என்று மொட்டையாக நிற்கிறது. படிக்கிற பெண் அந்தக் காலி இடத்தில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறாள். அங்கேதான் எல்லா வினையும் ஆரம்பிக்கிறது.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தார், கல்லூரியில் பாடம் எடுப்பவர். கையில் ஒரு கவர், அதற்குள் சாட்டின் கவுன். ரிசப்ஷனுக்காக வேறொரு கடையில் தைக்கக் கொடுத்தது. போனில் ஒரு ரன்வே படத்தைக் காட்டினார், அதன் கீழே 'இந்த சீசனின் மிக எடுப்பான கவுன்' என்று யாரோ எழுதியிருந்தது. போட்டுக் காட்டச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் துணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நின்றது, வயிற்றுக்கு மேலே குறுக்கே மூன்று வரி, பின்னால் ஜிப் பாம்பு மாதிரி வளைந்திருந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "டிரஸ் மேல தப்பு இல்லக்கா. மாடலுக்கு எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. என் இடுப்புதான் இப்படி."

கவுனைக் கழற்றி வாங்கி உள்பக்கமாகத் திருப்பினேன். படத்தில் இருந்த கவுன் கிராஸ் கட்டிங். இது நேர் கட்டிங். அவ்வளவுதான் விஷயம். அவர் இடுப்பில் ஒரு குறையும் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். துணியில் பாவு நூல் நீளவாட்டில் ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். இரண்டு பக்கமும் இழுத்தால் அவ்வளவாகக் கொடுக்காது. ஆனால் மூலைவாட்டில், 45 டிகிரியில், பிடித்து இழுத்துப் பாருங்கள், அதே துணி ரப்பர் மாதிரி இளகும். அந்த வாட்டத்தில், அதாவது கிராஸில், வெட்டித் தைத்தால் துணி உடம்பு வளைகிற இடத்தில் வளைந்து, விழுகிற இடத்தில் விழும், டாட் அதிகம் தேவைப்படாது. பாரீஸில் மேடலின் வியோனே என்ற டிசைனர் 1920களில் இதைத்தான் தன் வேலையின் உயிராக வைத்திருந்தார். சின்ன மரப் பொம்மை ஒன்றின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து டிசைனைக் கண்டுபிடிப்பார், பேப்பரில் படம் போட்டு ஆரம்பிப்பவர் அல்ல. கிராஸில் வெட்டினால் துணி அதிகம் பிடிக்கும், வேஸ்ட்டும் அதிகம், தைக்கும்போது மெஷினில் நழுவும், தைத்த பிறகும் ஒரு ராத்திரியாவது தொங்கவிட்டு, அதன் கனத்திலேயே அது இறங்குகிற அளவு இறங்கிய பிறகுதான் கீழ் ஓரத்தை மட்டம் பார்த்து மடிக்க முடியும். அதனால்தான் பல கடைகளில் அதே படத்தைப் பார்த்து நேர் வாட்டத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

இதில் உங்கள் தப்பு என்ன என்று கேட்பீர்கள். 'எடுப்பான கவுன்' என்று எழுதியவர் ஒரே ஒரு வரி கூடுதலாக, 'கிராஸ் கட்டிங், அதனால் இடுப்பில் இளகி விழுகிறது' என்று எழுதியிருந்தால், அந்தப் பெண் கடைக்காரரிடம் அதைக் கேட்டிருப்பார். காரணத்தைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொன்னதால், தீர்ப்பு அவர் இடுப்பின் மேல் விழுந்தது.

அப்புறம் அந்த மாடல் விஷயம். ரன்வேயில் நடக்கிற உடம்புகள் எப்படித் தேர்வாகின்றன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கலெக்‌ஷனில் ஒவ்வொரு லுக்கும் பொதுவாக ஒரே ஒரு பீஸ்தான் தைக்கப்படும், சாம்பிள் சைஸில். அந்த சைஸுக்குள் நுழையக்கூடிய உயரமான பெண்தான் அதைப் போட முடியும். 2017 செப்டம்பரில் எல்விஎம்ஹெச், கெரிங் என்ற இரண்டு பெரிய ஃபேஷன் குழுமங்களும் சேர்ந்து, மிக ஒல்லியான பிரெஞ்சு சைஸ் 32 பெண் மாடல்களை இனிமேல் கேட்க மாட்டோம் என்று அறிவித்தன. அதே வருடம்தான் பிரான்சில் மாடல்களுக்கு உடல்நலம் பற்றிய டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயமானது. ஒரு தொழில் இப்படி அறிவிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பெரிதாக மாறிவிடவில்லை. 2024 செப்டம்பர், அக்டோபரில் நான்கு நகரங்களிலும் காட்டிய லுக்குகளை வோக் பிசினஸ் என்ற ஃபேஷன் தொழில் செய்தித் தளம் கணக்கெடுத்தபோது 94.9 சதவீதம் அமெரிக்க சைஸ் 0 முதல் 4 வரையிலான ஒல்லியான அளவு, பெரிய உடம்புக்கான பிளஸ் சைஸ் 0.8 சதவீதம்.

அதாவது நீங்கள் நூறு டிரஸ்ஸைப் பார்த்தால் கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்தை ஒரே மாதிரியான உடம்பில் பார்க்கிறீர்கள். தோள் எலும்பிலிருந்து நேராகத் துணி தொங்கும், மார்பும் வயிறும் பின்புறமும் துணியை எங்கேயும் தள்ளாது, அந்த உடம்பில் ஒரு கட்டிங் மாஸ்டரின் திறமையோ திறமைக் குறைவோ பாதிக்கு மேல் வெளியே தெரியாது. என் அனுபவத்தில், மோசமான ஆர்ம்ஹோல் (கை பொருத்துகிற வளைவு) கூட ஒல்லியான ஆளுக்கு ஓரளவு மன்னித்துவிடும். சைஸ் 42 மார்புக்கு மன்னிக்காது. கட்டிங் தெரிந்தவரா இல்லையா என்பது அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். நீங்கள் 'எடுப்பான டிசைன்' என்று பாராட்டும்போது பல நேரம் நீங்கள் பாராட்டுவது அந்தப் பெண்ணின் தோள் எலும்பை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

படம் எடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். போட்டோகிராஃபர்கள் ரன்வேயின் கடைசியில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி நிற்கிறார்கள், மாடல் அவர்களை நோக்கி நடந்து வருகிறார், நமக்குக் கிடைப்பதில் முக்கால்வாசி நேர் முன்பக்கப் படம், ஒரு கால் முன்னால் வைத்த நிலையில். டிரஸ் என்பது முன்பக்கம் மட்டுமா? பாலன்சியாகா என்ற ஸ்பானிஷ் டிசைனர் 1951இல் ஒரு சூட் கொண்டுவந்தார், முன்பக்கம் உடம்போடு ஒட்டி, பின்பக்கம் முழுக்கத் தளர்வாக. அதை முன்னாலிருந்து மட்டும் பார்க்கிறவருக்கு அதில் என்ன விசேஷம் தெரியும்? பக்கவாட்டில் நின்றால்தான் முதுகுக்கும் துணிக்கும் நடுவில் அவர் விட்டிருக்கும் அந்தக் காற்று இடைவெளி தெரியும். ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகேயின் பிளீட்ஸ் பிளீஸ் (1993இல் தொடங்கியது) துணிகளும் அப்படித்தான். உடையை இரண்டரை மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்துவிட்டு, அப்புறம் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றுவார்கள். அது நிற்கும்போது ஒன்று, உட்காரும்போது ஒன்று, கையைத் தூக்கும்போது வேறொன்று. ஒரு ஸ்டில் படத்தை வைத்து அதற்கு மார்க் போட முடியாது.

பாலன்சியாகாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, ஆனாலும் இன்னும் கொஞ்சம். அவர் கையில் கத்தரிக்கோல் எடுத்து வெட்டத் தெரிந்தவர், தைக்கத் தெரிந்தவர், அம்மா தையல்காரர். காலரைக் கழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைப்பார், கழுத்து நீளமாகத் தெரியும். கையை மணிக்கட்டுக்கு மேலேயே நிறுத்துவார், ஏனென்றால் எந்த வயதிலும், எந்தச் சைஸிலும் மணிக்கட்டு மெலிந்துதான் இருக்கும். வயிறு போட்ட, வயதான பெண்கள் அவரிடம் போய் நின்றார்கள், நிம்மதியாகத் திரும்பினார்கள். அந்த 1951 சூட்டுக்கு நாலு வருடம் முன்னால், 1947 பிப்ரவரி 12 அன்று, பிரெஞ்சு டிசைனர் டியோர் காட்டியது நேர் எதிர் வழி. 'பார்' என்று பெயர் வைத்த ஜாக்கெட்டில் இடுப்பை இறுக்கி, அதற்குக் கீழே பஞ்சு வைத்துக் கெட்டியாக்கி, இல்லாத இடுப்பு வளைவை வெளியே கட்டி எழுப்பினார். இரண்டும் எடுப்பு என்று சொல்லப்பட்டவைதான். ஆனால் ஒன்று உடம்பை ஒரு அச்சுக்குள் கொண்டுவருகிறது, இன்னொன்று உடம்புக்கு இடம் விடுகிறது. ஒரே சொல்லால் இரண்டையும் முடித்துவிட்டால் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், தயங்காமல் பாலன்சியாகா.

சரி, இப்போது வேண்டுமென்றே எடுப்பாக இல்லாமல் செய்யப்பட்டவை. இங்கேதான் உங்களில் பலர் ரொம்ப அவசரப்படுகிறீர்கள்.

1957இல் பாலன்சியாகாவும் ஜிவான்ஷி என்ற பிரெஞ்சு டிசைனரும் இடுப்பே இல்லாத சாக் டிரஸ்ஸைக் காட்டினார்கள். சாக்கு மூட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். பெண்ணின் உருவத்தையே மறைத்துவிட்டதாம். 10 வருடம்கூட ஆகவில்லை, உலகம் முழுக்கப் பெண்கள் இடுப்பு இல்லாத ஷிஃப்ட் டிரஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஜப்பானிய டிசைனர் ரெய் கவாகுபோ 1996 அக்டோபரில் பாரீஸில் காட்டிய கலெக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், 1997 கோடைக்கானது. இழுபடும் ஜிங்கம் செக் துணி, அதற்குள் பஞ்சுப் பொதிகள், முதுகில் ஒன்று, இடுப்பின் ஒரு பக்கத்தில் ஒன்று, தோளில் ஒன்று. கட்டி வந்த உடம்பு மாதிரி இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். 'எடுப்பாக இல்லை' என்றார்கள். ஆமாம், இல்லைதான். அவர் அதைத்தான் கேட்டார், உடம்பு எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று. அதே உடைகளை ஒட்டி அவர் செய்துகொடுத்தவற்றை அமெரிக்க நடன இயக்குநர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1997இல் தன் நடனத்தில் பயன்படுத்தினார். 20 வருடம் கழித்து, 2017இல், நியூயார்க் மெட் மியூசியம் கவாகுபோவுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது.

நான் அந்தப் படங்களைத் தையல்காரக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். செக் துணி பொய் சொல்லாது. கட்டிங் தப்பாக இருந்தால் கட்டங்கள் உடைந்து, ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகி, தையலுக்குப் பக்கத்தில் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கவாகுபோவின் உடைகளில் கட்டங்கள் அந்த மேட்டின் மேல் ஏறி, பெரிதாகி, இறங்கி, மறுபடி சின்னதாகி, ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போவது மாதிரி போகின்றன. தெரிந்தே, கைகாரத்தனத்தோடு செய்த வேலை அது. அதே வாரம் வேறு எங்கோ ஒரு ரன்வேயில் அக்குளிலிருந்து மார்பு நோக்கி இழுபடும் வரியோடு, காலர் முதுகில் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கக் கீழ் ஓரம் இறங்கி நடந்து வந்த ஜாக்கெட்டும் 'எடுப்பாக இல்லை'தான். இரண்டுக்கும் ஒரே வார்த்தையா? ஒன்று கலைஞர் எடுத்த முடிவு, இன்னொன்று பேட்டர்னில் விழுந்த பிழை. பிரித்துச் சொல்வதுதானே உங்கள் வேலை?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 ஜனவரியில் மார்ஜெலா என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காக டிசைனர் கலியானோ செய்த ஷோ, பாரீஸில் பாலத்துக்கு அடியில், ஆண் மாடல்களுக்கும் பெண் மாடல்களுக்கும் கார்செட் போட்டு இடுப்பைக் கொடியாக இறுக்கி, கீழே இடுப்பு எலும்புக்கு மேல் பொதி வைத்து. நானும் இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன், வேலைப்பாடு அபாரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதை 'பெண் உடலைக் கொண்டாடும் எடுப்பான வடிவம்' என்கிற ரீதியில் எழுதியதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த இடுப்பு கார்செட்டின் கயிறு கொடுத்த இடுப்பு. அப்படியே எழுதுங்கள். கயிறு என்று எழுதுங்கள், பொதி என்று எழுதுங்கள். படிக்கிற பெண் தன் இடுப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பாள்.

இன்னொன்று, அந்த விதிகள். 'குண்டாக இருப்பவர்கள் குறுக்குக் கோடு போடக் கூடாது' என்று இன்னமும் எழுதுகிறீர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1860களிலேயே சொல்லிவிட்டார், குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று. 2008இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சன் உடை போட்ட பெண்களின் படங்களை வைத்தே சோதித்துப் பார்த்தார், குறுக்குக் கோடு போட்ட உருவம் அகலமாகத் தெரியவில்லை. நான் பார்த்தவரை கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைவிட எவ்வளவு தடிப்பு, எவ்வளவு இடைவெளி, துணி எங்கே இழுபட்டுக் கோட்டை வளைக்கிறது என்பதுதான் முக்கியம். அளவாகத் தைத்த குறுக்குக் கோட்டுச் சட்டை எந்த உடம்புக்கும் நன்றாக இருக்கும், இறுக்கமாகத் தைத்த நெடுக்குக் கோடு வளைந்து வளைந்து ஒவ்வொரு மேட்டையும் சுட்டிக் காட்டும்.

நீங்கள் எழுதுவது எங்கள் ஊர் வரைக்கும் வருகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாரீஸில் நீங்கள் 'எடுப்பு' என்று முத்திரை குத்திய நெக்லைன் கொஞ்ச நாளில் ஆர்டர் கொடுக்கும் பையரின் ஃபைலில் படமாக வரும். நாங்கள் ஒரு சைஸில் பேட்டர்ன் போட்டு, ஃபிட் சாம்பிள் அனுப்பி, அது ஓகே ஆனதும் கிரேடிங் செய்து மற்ற சைஸ்களை எடுப்போம். கிரேடிங் என்றால் ஒவ்வொரு சைஸுக்கும் மார்புக்கு இவ்வளவு, தோளுக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டே போவது. பெரிய சைஸ் வரும்போது கழுத்து அகலமாகித் தோளிலிருந்து நழுவும், தோள் தையல் கைக்கு இறங்கிவிடும். எடை கூடினால் வயிறும் மார்பும் கூடும், தோள் எலும்பு அந்தக் கணக்கில் நீள்வதில்லை. பெரிய சைஸ்களுக்குத் தனி பேஸ் பேட்டர்ன் போட்டால் தீரும் விஷயம். நான் வேலை பார்த்த இடத்தில் இதைக் கேட்டபோது, நேரமில்லை, சாம்பிள் அப்ரூவ் ஆகிவிட்டது, படத்தில் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சட்டை டபுள் எக்ஸ்எல்லில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண்ணின் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்திருக்கும், அவரும் தன் தோளைத்தான் குறை சொல்லியிருப்பார்.

அதனால் கேட்கிறேன். அடுத்த சீசன் எழுதும்போது எந்த உடம்பில் பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை போடுங்கள். ஒரே டிசைனை இரண்டு வேறு உடம்புகளில் காட்டுகிற டிசைனர் இருந்தால், அதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் அவர்தான் தன் கட்டிங்கை உங்கள் முன்னால் சோதனைக்கு வைக்கிறார். 2013 செப்டம்பரில் ரிக் ஓவன்ஸ் என்ற டிசைனர், மாடல்களுக்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து ஸ்டெப் நடனக் குழுப் பெண்களை வரவழைத்து, பல சைஸ் உடம்புகள், காலைத் தரையில் ஓங்கி மிதித்து, கையை வீசி ஆடிக்கொண்டே தன் உடைகளைக் காட்டச் செய்தார். அந்த ஒரு ஷோவில் துணி எங்கே நிற்கிறது, எங்கே கிழிகிற மாதிரி இழுபடுகிறது என்று எனக்கு எல்லாமே தெரிந்தது. எடுபடவில்லை என்று எழுத வேண்டியிருந்தால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் எந்தத் தையல், எந்த நீளம், எந்தத் துணி என்று விரல் வைத்துக் காட்டுங்கள். 'இந்த உடம்புக்கு வேண்டாம்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தக் கவுன் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. நேர் வாட்டத்தில் வெட்டிய துணியிலிருந்து கிராஸ் எடுக்கத் துணி போதவில்லை. அதே கலரில் புதிதாக 5 மீட்டர் வாங்கிவரச் சொன்னேன், மூலைவாட்டில் வெட்டினேன், இரண்டு ராத்திரி டம்மியில் தொங்கவிட்டேன், ஒரு பக்கம் கிட்டத்தட்ட இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது, மட்டம் பார்த்து வெட்டி மடித்தேன். போட்டுப் பார்க்க வந்தவர் முன்பக்கம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தேன். திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தார், இரண்டு எட்டு நடந்தார், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். "எனக்கு எடுப்பா இருக்குக்கா" என்றார்.

இப்படிக்கு,
பேட்டர்ன் வெட்டுகிற ஒருத்தி,
திருப்பூர்